கோல் கம்பு ஆத்துக்குள்ள

ஆத்துக்குள்ள ஆராவது கோல் கம்பு நடுவானா எண்டு கேக்குறானுகள் தம்பி! மூண்டு நாளா இதே கேள்விதான்... இரிங்க, அந்த வாங்கில இரிங்க. உங்கட சப்பாத்துல அடித்தோல் பிஞ்சி போச்சு, இப்ப தைச்சித் தாறன். நீங்க அரசாங்கக் கச்சேரிக்குப் புதுசா வந்த கிளாக்கர்தானே? றகர் கிளப்பில, அந்த முட்டைப் பந்து விளையாட்டுல, சேர்ந்தாச்சா? ஓ, நல்லாப் போச்சு! அப்ப உங்களுக்கும் நடந்தது தெரியோணும்.

இந்த வருசம் நாம ஒரு ஆட்டமும் வெல்லல்ல. முதல் ஆட்டத்துக்குப் பதினஞ்சு பேருக்குப் பதிமூண்டு பேர்தான். ரெண்டு பேர் வெள்ளாம வெட்டக் கொக்கட்டிச்சோலைக்குப் போயிட்டானுகள்! ரெண்டாவது, மலையில, தோட்டத்துத் தொரைமார்ர ஊர்ல. குளிருக்குப் பல்லு அடிக்க அடிக்க ஓடித் தோத்தம். கடைசி ஆட்டம் அதே தொரைமாரோட இஞ்ச. ஒண்டெண்டாலும் வெல்லோணும் எண்டு நெவில் சோறு தண்ணி இல்லாமப் பாடுபட்டான். நெவில் ஆரு? எங்கட கப்டன்! என்ட மச்சான், என்ட பொஞ்சாதி எல்சிட தம்பி.

அந்தா, இந்த யன்னலால பாருங்க. தையில வெள்ளம் ஏறினதும் ஆத்துவாய் மண்மேட்டை வெட்டினாங்க. தண்ணி கடலுக்கு இறங்கி, யன்னலுக்கு நேரா நல்ல வெளி ஒண்டு கிடந்துது. அங்கதான் கம்பு நட்டது. மறுகா கடல் மண்ணை வாரி வந்து ஆத்துவாயை மூடிப் போட்டுது... மேல மழை வேற! ஆட்டத்துக்கு ரெண்டு நாளைக்கு முந்திப் பாக்கன், ஒரு பக்கத்துக் கம்பு முழங்கால் தண்ணிக்குள்ள! ஏறாவூர்க் கச்சி முகம்மது காக்கா அதில வலையைக் கட்டிப் போட்டு மீன் புடிக்கார்!

புடுங்கி நடுவமெண்டா, அலவாங்கு போட்டு நெம்பியும் அசையல்ல. நான் ஒண்டு நட்டா... ம், நட்டவன் நல்லா நட்டிருக்கான் எண்டு சொல்ல வந்தன்.

தொரைமார் ரெயிலால இறங்கி, பாத்து, வயித்தப் புடிச்சிச் சிரிச்சாங்க. பரவாயில்ல, விளையாடுவம் எண்டாங்க. முதல் பாதியில ஆருக்கும் ஒண்டுமில்ல. மறுகா பக்கம் மாறினது. காஞ்ச பக்கத்தில அவங்க எங்கட கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தை வைச்சிட்டாங்க, மூண்டு புள்ளி. எங்களுக்குத் தண்ணிப் பக்கம். நெவில் பந்தைக் கக்கத்தில இடுக்கிக்கொண்டு ஓடினான் பாருங்க! தொரைமார்ர கால் சேத்தில புதையுது, எங்கட பொடியன் ஆத்துச் சேத்தில வளந்தவனல்லோ! கோட்டைத் தாண்டி விழுந்தான். நான் கத்தின கத்துக்கு எல்சி அடுப்படியில சட்டியப் போட்டு உடைச்சா.

ஆனா பந்து நிலத்தில படோணும், அதுதான் சட்டம். பந்து மிதக்குது தம்பி! அமத்துறான், எழும்புது... அமத்துறான், எழும்புது. மூண்டு பேர் மேல ஏறிப் படுத்தானுகள், இடுக்கால நழுவிப் பொசுக்கெண்டு மேல வருகுது! ஒரு தொரை அதத் தூக்கிக்கொண்டு ஓடிட்டார். விசிலும் ஊதியாச்சு. நான் தைச்ச பந்து அது! நாலு துண்டுத் தோல், மெழுகு நூல், எப்பவும் காத்து இறங்காது எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன்.

இந்தாங்க, தைச்சாச்சு, போடுங்க. எங்க எழும்புறீங்க? விசயம் இனித்தான்.

இண்டைக்கு அஞ்சு மணிக்குக் கிளப்பில கூட்டம். ஆட்டம் முடிஞ்ச கையோட, அந்த இடத்தத் தெரிஞ்செடுத்தது ஆரெண்டு கிளப்புக்காரர் கேட்டதுக்கு, நெவில் "நான்தான்" எண்டிட்டான். கப்டன் பதவியையும் இண்டைக்குக் கூட்டத்தில விடப் போறானாம். அண்டையில இருந்து எல்சி என்னோட ஒரு சொல்லுப் பறையல்ல. ஏனெண்டா... தடி ஊண்டிப் போய் அந்தக் கம்பை நட்டது நான்தான் தம்பி. கச்சி முகம்மது காக்கா நான் நடக்குள்ளயே சொன்னார், "பீலிக்ஸ், இது ஆறு, தரையில்ல, திரும்பி வரும்" எண்டு. எனக்கு இந்தக் கால் ஏலா. பழைய மைதானம் தூரம், அங்க போய் நிண்டு பாக்க ஏலா. நான் தைச்ச பந்தோட நம்மட பொடியனுகள் ஓடுறத இந்த யன்னலால ஒரு தரமெண்டாலும் கண்ணால பாக்கோணும் எண்டு ஆசை. வெக்கமா இருக்கு தம்பி. தெரிஞ்சா இனிப் பந்தும் தைக்க விடமாட்டானுகள், எனக்கு அங்க வேற என்ன இருக்கு? ஆனா எனக்காகப் பழி ஏத்த அந்தப் பொடியன் என்ன குத்தம் செய்தான்? நாளைக்குப் போய்... இல்ல, கூட்டம் இண்டைக்கெல்லோ...

தம்பி? எங்க ஓடுறீங்க? கிளப்புக்கா? நில்லுங்க! அத நான் சொல்லோணும், நீங்க இல்ல! தம்பீ...! எல்சி! என்ட தடியக் கொண்டா புள்ள, கிளப்புக்குப் போகோணும்! ஓம், ஓம், சொல்லத்தான் போறன்... ஆ, மூண்டு நாளைக்குப் பிறகு வாய் திறந்திட்டாய், ஏசு, நல்லா ஏசு! ஏசிக்கொண்டே தோளக் குடு, நடப்பம்.