மைனா போட்ட சடக்குட்டி

இல்ல மேடம், முடி வெட்டி வுடறதுக்கு கொண்டாரல. ஊசியும் வேணாம், அதெல்லாம் போட்டாச்சு. நீங்க சும்மா ஒரு தரம் தடவிப் பாருங்க. காதுல பாருங்க, வாலுல பாருங்க, முடி எப்புடி தொங்குது. இது சிப்பிப்பாறை நாயோட குட்டின்னா நம்புவீங்களா? பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. உத்திராபதியும் இப்புடித்தான் சிரிச்சான்.

சொல்றேன், மொதல்லேருந்து சொல்றேன். எனக்குப் பண்ருட்டி. லாரி ஓட்டறேன், பலாப்பழம், முந்திரி லோடு. சிவகாசிப் பக்கம் லோடு எறக்கப் போனப்ப வாங்கியாந்ததுதான் இதோட தாயி. மைனான்னு பேரு. ஒடம்புல முடி இருக்கா இல்லையான்னு கையால தடவித்தான் தெரிஞ்சுக்கணும், அப்புடி வழுவழுன்னு இருக்கும். நல்ல சாதி நாயி. இந்த உத்திராபதிக்குக் குமராட்சி. அவங்கிட்ட ஆண் நாயி ஒன்னு இருக்குது, அதுவும் அதே மாரிதான். அதுகிட்டதான் மைனாவ சேத்தேன்.

எங்க ஆளுங்ககிட்ட ஒரு வழக்கம் மேடம். ஆண் நாய்க்காரன் வந்து தனக்குன்னு ஒரு குட்டிய பொறுக்கிக்கணும், அப்பறந்தான் மத்தவங்களுக்கு. உத்திராபதி பொறந்த வாரமே வந்து இதத்தான் கை வச்சான். காலப் பாரு, நெஞ்சப் பாருன்னு அவ்ளோ சந்தோசம். அப்ப எல்லாம் ஒரே மாரிதான் இருந்துதுங்க. போவப் போவ இதுக்கும் இன்னொன்னுக்கும் காதோரத்துல முடி எறங்குது, வாலுல எறங்குது. மத்ததெல்லாம் மைனா மாரியே இருக்குது.

இன்னைக்கு மினி பஸ்ல கூடையில வச்சு எடுத்துகினு அவன் வூட்டுக்குப் போறேன், அவன் உள்ளயே வுடல. டீக்கடையில நாலு பேரு இருக்கறப்ப சொல்றான், உன் நாயி எதுகிட்டயோ போயிட்டு வந்திருக்குது, அத எந்தலையில கட்டப் பாக்கறியாங்கறான். மைனாவ பத்தி இன்னொரு வார்த்த பேசாதன்னு சட்டையப் புடிச்சிட்டேன். இதோ, எனக்குத்தான் பட்டன் போச்சு. நல்ல வேள, பக்கத்துல இருந்தவங்க வெலக்கி வுட்டாங்க.

என்னா மேடம்? எப்புடி அவ்ளோ உறுதியா சொல்றேன்னா, கேளுங்க. சேர்க்கைக்குப் போற நாள்லேருந்து அத முந்திரிக்கொட்ட போடற கொட்டாய்ல வச்சுப் பூட்டிட்டேன். சுத்தி தகரம். சாவி என் அர்ணாக்கயித்துல. குளிக்கறப்ப கூட அவுக்கல. லோடு வந்துது, போவலன்னுட்டேன். லாரிய நிறுத்திப்புட்டு வாசல்லயே கெடந்தேன். குமராட்சிக்குக் கூட்டிகினு போனதும் நாந்தான், கொண்டாந்து பூட்டுனதும் நாந்தான். ஒரு ஈ காக்கா உள்ள போவல. அப்பறம் எப்புடி இந்த முடி வந்துது? எனக்கே கொழப்பமா போச்சு. அதான் சிதம்பரத்துல நாய் பாக்கறதுக்குன்னே ஒரு மேடம் இருக்காங்கன்னு சொன்னாங்க, திரும்பறப்ப எறங்கிட்டேன்.

ம்.

ம். அப்புடிங்களா.

இருங்க, நான் புரிஞ்சுகினது சரியான்னு பாருங்க. தாயிகிட்டயும் இந்த முடி உள்ள இருக்குது. தகப்பன்கிட்டயும் இருக்குது. ஆனா ரெண்டுத்துக்கும் வெளிய தெரியல. ஒரு பக்கத்துலேருந்து மட்டும் வந்தா குட்டிக்குக் காட்டாது. ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்து ஒன்னா சேந்தாதான் இப்புடி. அப்ப மைனா எங்கயும் போவல.

எனக்குத் தெரியும் மேடம். தெரியும், ஆனாலும் வேற ஒருத்தர் வாயால கேக்கறது ஆறுதலா இருக்குது. உத்திராபதிக்கு இத ஒரு போன் போட்டு சொல்லிடுங்க, நான் சொன்னா எடுபடாது.

அது சரி, எத்தினி தலமொறைக்கு இப்புடி உள்ளயே ஒளிஞ்சு கெடக்கும்? அவ்ளோ நாளா? யாருமே பாத்திருக்கவே மாட்டாங்களா? தாத்தா பாட்டன் காலத்துல ஒருத்தருக்கும் இல்லன்னாலும் திடீர்னு வருமா? இல்ல, சும்மாதான் கேக்கறேன்.

இன்னொரு சடக்குட்டியா? வூட்டுலதான் இருக்குது. எங்க மாமா, அக்கா வூட்டுக்காரரு, கலியமூர்த்தி, அவரு ரெண்டையும் கெணத்துல போடுன்னாரு. சாதி கெட்டது வளந்தா நாளைக்கு தாயையும் எவனும் மதிக்க மாட்டான்னாரு. எனக்குக் கை வரல. மைனா அது ரெண்டையும் நக்கி நக்கி சீவி வுடுது. அதுக்கு என்னா தெரியும், எல்லாம் அதோட குட்டிதான்.

கஞ்சி ஊத்தறதெல்லாம் நாந்தான் மேடம். வூட்டுல ஆளு இல்ல. வூட்டுக்காரி அண்ணாகிராமத்துல, அவுங்க அம்மா வூட்டுல. சத்யப்பிரியான்னு பேரு. மைனாவுக்குப் பேரு வச்சதே அவதான். ஆமா, பிரசவத்துக்குப் போனா. பொட்டப்புள்ள. போன ஐப்பசியில பொறந்துது. இன்னும் கூட்டியாரல.

கூட்டியாரணும். ஆமா.

பேரு வைக்க எல்லாரும் போயிருந்தோம். எங்க மாமா கொழந்தைய வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. பாத்துட்டு எல்லாருக்கும் முன்னாடி என்னா சொன்னாருன்னா, நீ ரோட்டுலயே கெடக்கற ஆளு, வூட்டுல என்னா நடக்குதுன்னு உனக்கு என்னாடா தெரியும்னாரு. அவ நிமிந்து என்னத்தான் பாத்தா. மாமாவ பாக்கல, என்னப் பாத்தா. நான் ஏதாவது சொல்லுவேன்னு நெனச்சா. நா வாயத் தொறக்கல மேடம். எலையில போட்ட சோத்த கூட துண்ணாம எழுந்து வந்துட்டேன்.

தானே புயல் அடிச்சுது இல்ல, அவுங்க வூட்டுக் கூர பறந்து போச்சு. கைப்புள்ளையோட பள்ளிக்கூடத்துல போயி கெடந்தாளாம். அவ தம்பி எழிலன் போன் பண்ணான், நீங்க ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போவக் கூடாதான்னு. நா மைனா கொட்டாய்க்குப் பறந்து போன தகரத்தத் தேடி எடுத்துக் கட்டிகினு இருந்தேன்.

எனக்குக் கண்ணு கறுப்பு. அவளுக்கும் கறுப்பு. எங்க வூட்டுலயும் சரி, அவ வூட்டுலயும் சரி, எல்லாருக்கும் கறுப்புதான். எழிலன் போட்டோ அனுப்பினான், இந்தாங்க, இதுதான் எம்பொண்ணு. இப்ப ஒக்காருதாம். நாளாவ நாளாவ மாறிடும்னு நெனச்சேன், மாறல. பூனக்கண்ணு. சுத்தமா பூனக்கண்ணு மேடம்.

டீக்கடையில மைனாவுக்காகச் சட்டையப் புடிச்சேன் பாருங்க, கைய எடுக்கறப்பதான் நெனப்பு வந்துது. அன்னைக்கு மாமா சட்டைய நான் புடிக்கல. மைனாவுக்குப் பூட்டு போட்டு சாவிய இடுப்புல கட்டிகினேன், அதனால சண்ட போட முடிஞ்சுது. பொண்டாட்டிய யாராவது பூட்டி வைக்க முடியுமா? அவ வாயும் வயிறுமா இருந்தப்ப ஒரு நா கூட லாரிய நிறுத்தல. சாவி இல்லன்ன ஒடனே எனக்குப் பேச்சு வரல, அவ்ளோதான்.

உத்திராபதிக்குப் போன் பண்ண வேணாம் மேடம், அவன் கெடக்கறான். குட்டிய நானே வளத்துக்கறேன். நீங்க எனக்கு ஒன்னு மட்டும் சொல்லுங்க. இப்ப சொன்னீங்களே, ரெண்டு பேருகிட்டயும் உள்ள ஒளிஞ்சு இருக்கும், சேந்தாதான் தெரியும்னு. இது நாய்க்கு மட்டுந்தானா, மனுசங்களுக்கும் உண்டா?

இல்ல, என்னப் பாக்காதீங்க. குட்டியப் பாத்துகினே சொல்லுங்க.