புத்தக விழாவின் கம்பிக் கதவு

ஈரக் கையோடு புத்தகத்தைத் தொடக் கூடாது. இதை ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருந்தேன். யாரும் அதைப் படிக்கவில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் ஐயா. சொல்கிறேன்.

நான் பி.ஏ. வரலாறு. அரக்கோணத்தில் குமாஸ்தா வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறேன். பிறந்தது இங்கேயே, திருத்தணியில். ஆடிக் கிருத்திகைக்கு இந்த ஊருக்கு வருகிறவர்கள் பூ வாங்குகிறார்கள், பொரி வாங்குகிறார்கள், ஊதல் வாங்குகிறார்கள். புத்தகம் விற்க ஒரு கடை இல்லை. இந்த வருஷம், எழுபத்தெட்டில், கிருத்திகையோடு சேர்த்து மூன்று நாள் புத்தக விழா நடத்துவது என்று முடிவு செய்தேன். சென்னையில் பதினெட்டுப் பதிப்பகங்களுக்கு எழுதினேன். நான்கு பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேர் புத்தகம் அனுப்பினார்கள், ஆள் அனுப்பவில்லை. திறந்து வைக்க ஒப்புக்கொண்ட பேராசிரியருக்கு அன்று காலை வயிற்றுப்போக்கு.

இடம் உங்களுக்குத் தெரியும். குளத்துக்கும் மலைப்படிக்கும் நடுவில் மூடிக் கிடக்கும் அரிசி ஆலை. சுற்றிலும் உயரமான மதில். குளத்துப் பக்கம் அகல வாசல், படிப் பக்கம் கம்பிக் கதவு. நெல் காயவைக்கும் களத்தில் தங்கவேல் கீற்றுப் பந்தல் போட்டார்.

"இன்னா சார், மொட்ட அடிச்சிகினு வர்றவனுக்குப் புக்கா? சீப்புக்கட போட்டிருந்தாலும் இதே வியாபாரந்தான்," என்றார்.

காஞ்சனா சிரித்தாள். அவள் என் மனைவி; பொதட்டூர்பேட்டை மாமன் மகள். "வாங்கலன்னா போவுது பாவா, நெழலுக்காச்சும் வருவாங்க," என்றாள். குழந்தைகளுக்கான புத்தக மேசையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அது கம்பிக் கதவை ஒட்டி இருந்தது.

அவள் சொன்னபடியே வந்தார்கள். குளத்தில் முழுகி, அகல வாசலில் நுழைந்து, பந்தல் நிழலில் நடந்து, கம்பிக் கதவு வழியாகப் படிக்குப் போனார்கள். ஒருவர் அகராதி அடுக்கின் மேல் செம்பை வைத்துவிட்டு வேட்டியைப் பிழிந்தார்.

"இன்னா கட இது? துன்னூறு கீதா?" என்று இன்னொருவர் கேட்டார்.

"திருநீறு இல்லைங்க, புத்தகம்."

"ஆங்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் நாளும் அப்படியே. மாலை வரை மேசைக்குப் பின்னால் நின்று முதுகுகளைப் பார்த்தேன். இவர்களுக்குப் புத்தகத்தின் மேல் வெறுப்பு இல்லை, நடந்துகொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று தோன்றியது. நடக்கிறவன் படிக்க மாட்டான். நின்றால் படிப்பான். இது நியாயமான யோசனை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் கிருத்திகை. காலை பதினோரு மணிக்குக் கம்பிக் கதவை வெளியிலிருந்து பூட்டினேன். கால் மணி நேரம் போதும் என்று நினைத்தேன்.

வேறு ஊர் என்றால் பூட்டிய கதவைப் பார்த்ததும் கூட்டம் திரும்பிவிடும். இங்கே திரும்பாது. எடுத்த காவடி மலைக்குத்தான் போகும். வந்த வழியே இறங்காது. காவடியின் பின்னால் வருகிற குடும்பமும் அப்படித்தான். அவர்களுக்குப் பின்னால் குளத்திலிருந்து ஏறி வருகிறவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. அரோகரா சொல்லிக்கொண்டு வந்துகொண்டே இருப்பார்கள். வெளியூர்க்காரன் பூட்டியிருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். நான் ஐந்து வயதில் காவடி எடுத்தவன்.

முதலில் காஞ்சனாதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். "பாவா, சாவி உங்ககிட்டதான கீது? தொறங்க. கொழந்தைங்கள நசுக்கறாங்க."

"கொஞ்சம் இரு," என்றேன்.

"வெளாடறீங்களா? தொறங்க பாவா."

ஒரு பெண் குழந்தையைத் தூக்கி மேசை மேல் நிறுத்தினாள். பிறகு மேசை சாய்ந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் மொட்டையடித்த ஒருவர். நாற்பது வயது இருக்கும். அசைய இடமில்லாமல் அடுத்த மேசையோடு ஒட்டி நின்றார். அவர் முகத்துக்கு நேர் கீழே நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம் விரிந்து கிடந்தது. கண் அதன் மேல் இருந்தது. வாய் மெல்ல அசைந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறார் என்று நினைத்தேன்.

தங்கவேல் ஓடி வந்து சாவியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அவர் கடப்பாரை கொண்டுவந்து பூட்டை உடைத்தார். அதற்குள் நான் பூட்டிப் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

ஒன்பது பேர். களத்தில் வரிசையாகப் படுக்க வைத்தபோது காஞ்சனா ஆறாவது. பெண்டாட்டி செத்தவன் அழக்கூட இல்லை என்று உங்கள் கான்ஸ்டபிள் எழுதியிருப்பார். அது சரிதான்.

பூட்டு துருப்பிடித்திருந்தது, சாவி திரும்பவில்லை என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். அது பொய். புதுப் பூட்டு. சாவி என் உள்ளங்கையில் இருந்தது. கதவுக்கு எட்டடி தூரத்தில் நின்றேன். அவள் கூப்பிட்டது கேட்டது. நின்றுபோனதும் கேட்டது.

அப்புறமும் ஏன் திறக்கவில்லை என்கிறீர்கள். மூன்று நாளில் அப்போதுதான் அவர்கள் நின்றார்கள் ஐயா. அந்த மொட்டைத்தலைக்காரர் பக்கத்தை முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.