ஞாயிற்றுக்கிழமைப் போர்

உட்காருங்கம்மா. மலையில் வெயில் உறைக்காது, ஆனால் ரோட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஏறினால் யாருக்கும் மூச்சு வாங்கும்.

உங்கள் வீட்டுக்காரர் ராசு கண்டக்டர் வேலையை இழந்து ஏழு மாதம் ஆகிறது. அன்றைக்கு அவர் என்னிடம் செய்தி சொன்னாரா இல்லையா என்று கேட்கத்தானே சின்னசேலத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. முதலிலிருந்து சொல்கிறேன். நான் வாத்தியார், நடுவில் ஆரம்பித்தால் எனக்கு ஒத்து வராது.

கல்வராயன் மலைக்கு மாற்றலாகி வந்து ஒன்பது வருடம். கல்யாணம் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் மற்ற ஆசிரியர்கள் கீழே இறங்கிவிடுவார்கள். சனி, ஞாயிறு இந்தக் கட்டடத்தில் ஈ காக்கா இருக்காது. திங்கட்கிழமை முதல் பாடம் எடுக்கும்போது என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பகலவன் என்னோடு கல்லூரியில் படித்தவன். சொந்த ஊர் வடக்கனந்தல். பெங்களூரில் வேலை, மனைவி இசைவாணியும் மகளும் அங்கேதான். ஊரில் அம்மா ராஜாம்பாள் மட்டும் இருந்தார். லீவில் ஊருக்கு வந்தவன், ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தான். மலைக்கு அவன் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் பெரிய அட்டைப்பெட்டி.

"இன்னாடா இது?"

"சண்டை" என்றான்.

உள்ளே விரல்கணு உயரத்தில் நூற்றுச் சொச்சம் பொம்மை வீரர்கள். ஐரோப்பாவில் அறுநூறு வருடத்துக்கு முன்னால் நடந்த மாதிரியான சண்டை; வில்லாளிகள், ஈட்டிக்காரர்கள், இரும்புச் சட்டை போட்ட குதிரைவீரர்கள். ஒவ்வொன்றுக்கும் அவனே வர்ணம் தீட்டியிருந்தான். கூட ஆட ஆள் கிடைக்காததால் ஒரு தடவைகூட ஆடியதில்லையாம். விதிப்புத்தகம் மட்டும் தொண்ணூறு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ்.

வகுப்பறையில் நாலு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டோம். கட்டுரை நோட்டுகளை அடுக்கி மலை செய்தோம். குதிரைக்கு எட்டு அங்குலம், காலாளுக்கு நாலு என்று பள்ளிக்கூட மர ஸ்கேலால் அளந்து நகர்த்தினோம். சனிக்கிழமை முழுவதும் தப்பாகவே ஆடினோம். ஒரு கூட்டத்தில் பாதிப்பேர் செத்தால், மிச்சப்பேர் நிற்பார்களா ஓடுவார்களா என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தை நாங்கள் படிக்கவே இல்லை. என் ஈட்டிக்காரர்கள் கடைசி ஆள் வரை நின்று செத்தார்கள்.

"உன் ஆளுங்களுக்கு ரோசம் ஜாஸ்திடா. ஓடிப் பொழைக்கத் தெரியல" என்று சிரித்தான்.

எதிரே ஒருவன் உட்கார்ந்து என்னோடு வாதம் செய்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. எனக்கு சந்தோஷமாக இருந்தது.

ஞாயிறு காலை திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். பன்னிரண்டு மணிக்குள் விதிகள் பிடிபட்டுவிட்டன. போண்டா வாங்க நான் கடைக்குப் போனபோது பஸ் மேலே வந்தது. இங்கே செல்போனுக்கு டவர் கிடையாது. கீழே சாவோ வாழ்வோ, சேதி கண்டக்டர் வாயில்தான் ஏறி வரும். வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டால் போதும், உரியவருக்குப் போய்விடும். ராசு படியிலிருந்து குனிந்து சொன்னார்.

"சார், உங்க வூட்டுக்கு வந்துக்கிறாரே வடக்கனந்தல்காரரு, அவங்க அம்மாவ கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில சேத்துக்கிறாங்க. வயித்துல இன்னாவோ வெடிச்சிடுச்சாம். மவன் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆப்ரேசனாம். முக்கா மணியில திரும்பிடுவேன், அவர ரெடியா நிக்கச் சொல்லுங்க சார்."

"சரி ராசு" என்றேன்.

ஆக, சொன்னார். நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்.

போண்டாப் பொட்டலத்தோடு சொல்லத்தான் வந்தேன். பகலவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "சீக்கிரம் வாடா, உன் முறை" என்றான். இந்த ஒரு முறை ஆடிவிட்டுச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அடுத்து அவன் முறை. பாதியில் எழுப்பினால் ஆஸ்பத்திரி, அப்புறம் பெங்களூர்; இன்னொரு ஞாயிறு எனக்குக் கிடைக்காது. அங்கே சித்தப்பா, மாமா என்று ஆட்கள் இருக்கிறார்கள், யாராவது கையெழுத்துப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் பழி வரும் என்று நம் ஆட்கள் பேனாவைத் தொட மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பஸ் திரும்பி வந்து கீழே நின்றது. ஆரன் அடித்தது, நிறுத்தியது, மறுபடி அடித்தது.

"இன்னாடா, இவ்ளோ நேரம் அடிச்சிக்கினு கீறான்?"

"மாடு படுத்துக்கினு இருக்கும்."

எழுந்து ஜன்னலுக்குப் போய், நீங்கள் போகலாம் என்று கையைக் காட்டினேன். மலையில் ஓடுகிற வாடகை ஜீப் ஒன்றில் பகலவனை முன்னாலேயே அனுப்பிவிட்டேன் என்று ராசு நினைத்திருப்பார். வாத்தியார் கை காட்டினால் இங்கே யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. திரும்பி வந்து பகடையை அவனிடம் கொடுத்தேன். உருட்டினான்.

ஐந்து மணி பஸ்ஸில் வேறு கண்டக்டர்; பகலவனை அதில் நான்தான் ஏற்றிவிட்டேன். அடிவாரத்தில் டவர் கிடைத்ததும் முப்பது தவறிய அழைப்புகள் வந்து விழுந்தனவாம். ராஜாம்பாள் மூன்றரைக்கே போய்விட்டார். "பகலு வந்துட்டானா" என்று கடைசி வரை நினைவோடு கேட்டுக்கொண்டே இருந்தாராம். படிக்கிற காலத்தில் அந்த அம்மா கையால் நான் நிறைய சாப்பிட்டிருக்கிறேன்.

கண்டக்டரிடம் அன்றைக்கே சேதி சொல்லி அனுப்பியதாகச் சொந்தக்காரர்கள் சொல்ல, காரியம் முடிந்த மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் பகலவன் ராசுவின் சட்டையைப் பிடித்தான். "வாத்தியார் சார்கிட்ட சொன்னேங்க, அவரையே கேளுங்க" என்றார் ராசு. நான் பக்கத்தில்தான் நின்றேன். பகலவன் என்னைப் பார்த்தான்.

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

அறை விழுந்தது. ராசு திருப்பி அடிக்கவில்லை. அடித்தவனை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் முதலாளி அன்று சாயந்திரமே அவரை நிறுத்திவிட்டார். இப்போது கரும்பு வெட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். நல்ல மனிதர்.

இதையெல்லாம் முதலாளியிடம் வந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்லலாம்தான். ஆனால் அது பகலவன் காதுக்குப் போகாமல் இருக்காது. ஞாயிறுதோறும் அடிவாரம் வரை இறங்கிப் போய் அவனைக் கூப்பிடுகிறேன், ஏழு மாதமாக அவன் போனை எடுப்பதில்லை. துக்கத்தில் இருப்பவன் அப்படித்தான் இருப்பான். அம்மாவும் போன பிறகு அவனுக்கென்று மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான். இந்த நிலையில் அவனைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை அம்மா.