கடைசித் தொட்டியின் ஒயின்

ஒயினை மதிப்பிடுகிறவர்கள் அதைக் குடிப்பதில்லை, துப்பிவிடுவார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மைத்துனன்கூட என்னை "குடிக்கிறதுக்குக் காசு வாங்குற மகராசன்" என்றுதான் எங்கள் பரோசா பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்லித் திரிந்தான். காலையிலிருந்து ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினைக் கொப்பளித்துத் துப்பிப் பாருங்கள். பல் கறுத்து, ஈறு எரியும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர்.

நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு இவ்வளவுதான் தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. ஒரு குளிர்காலக் காய்ச்சலோடு என் மூக்கு செத்துப்போனது. காபி மணக்கவில்லை, மழை மணக்கவில்லை. அப்போது நான் எங்கள் பள்ளத்தாக்கு ஒயின் போட்டியின் தலைமை நடுவர். வேறு பிழைப்பு தெரியாதவன். விஷயம் வெளியே வந்தால் நடுவர்கள் போடும் என் வெள்ளைக் கோட்டை மறுநாளே இன்னொருவன் மாட்டிக்கொள்வான். அதனால் சொல்லவில்லை. ஒரு வருடம் சொல்லாமல் விட்டால் அடுத்த வருடம் சொல்ல இன்னும் பயமாக இருக்கும். வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

என்னைக் காப்பாற்றி வந்தது ஹெட்டி கிளைனிக்கின் முகம். சொந்தமாக ஒயின் ஆலை வைத்திருந்தாள். அவளும் ஒரு நடுவர். போட்டியில் எப்போதும் என் மேசையில் எனக்கு எதிரே நிற்பாள். நடுவர்கள் பேசாமல் ருசித்துவிட்டு, பிறகு மதிப்பெண்ணைச் சொல்வோம். ஒயின் நன்றாக இருந்தால் ஹெட்டி இரண்டாம் முறை முகர்வாள். கெட்டிருந்தால் உதடு லேசாக உள்ளே போகும். அது எனக்குப் போதும்.

போன வசந்தகாலப் போட்டியில் ஹெட்டியை வேறு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அன்று ஒரு ஷிராஸுக்குத் தங்கப் பதக்கம் என்று நானாகவே சொன்னேன். டாஸ்மேனியாவிலிருந்து வந்திருந்த பிரெண்டன் என்ற நடுவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கார்க் மூடியால கெட்டுப்போன மாதிரி இருக்குங்க. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்குது."

"உங்க ஊர்ல வருஷம் பூரா மழை. எதை மோந்தாலும் நனைஞ்ச வாடைதான் வரும்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிரெண்டன் தன் மதிப்பெண்ணை ஏற்றிக்கொண்டார். தங்கம் கிடைத்தது.

தங்கம் வாங்கியவற்றைக் கடைசியில் எல்லா நடுவர்களும் சேர்ந்து ருசிப்பது வழக்கம். ஹெட்டி அந்தக் கோப்பையை முகர்ந்தாள், கீழே வைத்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கார் நிறுத்துமிடத்தில் வந்து பிடித்தாள்.

"மெர்வின், எவ்வளவு நாளா உனக்கு மூக்கு இல்ல?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்லல. நீயே போய்ச் சொல்லிடு. வர்ற அறுவடை முடியட்டும். அதுக்கப்புறமும் கோட்டை மாட்டிக்கிட்டு வந்து நின்னே, நான் எந்திரிச்சுச் சொல்லிடுவேன்."

"இதுல யாருக்கு என்ன நஷ்டம், ஹெட்டி?"

"நல்ல ஒயின் பண்ணிட்டு வெறுங்கையோட வீட்டுக்குப் போனான் பாரு, அவனுக்கு."

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். மற்றதைப் பொறுத்துக்கொண்டேன். அந்தத் தட்டலைப் பொறுக்க முடியவில்லை.

அறுவடை முடியும் சமயத்தில், இன்னும் ஒரு வருடம் கேட்கலாம் என்று அவள் ஆலைக்குப் போனேன். சத்தியமாகக் கேட்கத்தான் போனேன். அவளுடைய நிலவறையில் தொட்டிகளில் திராட்சை புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வரும் கரியமில வாயு தரையோடு தங்கும், ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். அதனால் காற்றை இழுக்கும் விசிறியைப் போடாமல் யாரும் இறங்குவதில்லை, தனியாகவும் இறங்குவதில்லை. ஒருவர் கீழே போனால் இன்னொருவர் படிக்கட்டின் மேலே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் நின்றால் ஆளைத் தூக்க வேண்டும். இங்கே பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். அவளுடைய ஆள் ராட்னி அப்போது திராட்சை ஏற்றி வரப் போயிருந்தான்.

"நல்ல நேரத்துல வந்தே. மேல நில்லு," என்று ஹெட்டி இறங்கினாள். "ஃபேன் போட்டுட்டியா?"

விசிறி கூரைமேல் இருந்தது, சுவிட்ச் நான் நின்ற இடத்தில். ஓடினாலும் கீழே கேட்காது.

"போட்டாச்சு," என்றேன்.

முறைப்படி பேச்சுக் கொடுத்தேன். கடைசித் தொட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதுதான் எல்லாவற்றையும்விடப் பள்ளத்தில் இருந்தது. ஹெட்டி ரசித்து ரசித்துச் சொன்னாள்.

"மெர்வின், வயலட் பூ வருது. அப்புறம் ஆரஞ்சுத் தோல். உனக்கு இது கிடைக்காமப் போச்சேடா, பாவம். தலை என்னமோ கிறுகிறுங்குது."

"காலையில சாப்பிட்டிருக்க மாட்டே. இன்னொரு தடவை மோந்து பாரு. வேற என்ன வருது?"

"மிளகு," என்றாள். சற்று நேரம் கழித்து, "ஈரமான கல்லு" என்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. நான் மட்டும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு விசிறியைப் போட்டேன், கதவைச் சாத்தினேன், வீட்டுக்குப் போனேன். அன்று அந்தப் பக்கமே போகவில்லை என்று உங்களிடம் சொன்னேன்.

நான் மாட்டிக்கொண்டது பயத்தால் அல்ல. அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெட்டியைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவளுடைய கடைசித் தொட்டியைப் பற்றிப் பேசினேன். வயலட், ஆரஞ்சுத் தோல், மிளகு, ஈரக்கல். பலர் கண்ணைத் துடைத்தார்கள். ராட்னி மட்டும் கேக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனான். ஹெட்டி இறங்கிய அன்றைக்கு முன் அந்தத் தொட்டியை யாரும் ருசித்ததில்லை. அவளைத் தூக்க வந்த தீயணைப்புக்காரர்கள் அன்றே அதைச் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. அந்த ருசியை அவள் வாயால் கேட்டவனுக்கு மட்டும்தான் தெரிந்திருக்க முடியும்.

ஆமாம், ஹெட்டியை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்றையும் எழுதுங்கள். அந்த ஒயினைப் பற்றி நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. மூக்கில்லாதவனால் அவ்வளவு சரியாகச் சொல்ல முடியுமா?