தங்கை சுருதி சேர்த்த இடம்

சுருக்கமாகப் பேசுங்கள் என்று என் காதில் இருமுறை சொல்லியும் நம்பிக்கை வராமல், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே! என் நூலில் நான் எழுதாத சிறப்புகளையும் கண்டெடுத்துப் பாராட்டிய பேராசிரியப் பெருமக்களே! பழைய இசையைப் பழைய முறையில்தான் கேட்போம் என்று பிடிவாதமாய் வந்தமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் மெட்டுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில், கதவோரத்தில், என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் தங்கையே! அனைவருக்கும் தலைதாழ்ந்த வணக்கம். தாழ்ந்த தலையை இன்று நிமிர்த்துவதாக இல்லை.

கைதட்டுகிறீர்கள். வேண்டாம், பொறுங்கள். கேட்டு முடித்த பிறகு தட்டத் தோன்றினால் தட்டுங்கள், தோன்றாது.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் எழுதிய இசையை அன்று வாசித்தபடியே வாசிக்க வேண்டும் என்பது என் வெறி. உலோகத் தந்தியைக் கழற்று என்றேன். ஆட்டுக்குடலில் திரித்த நரம்பைக் கட்டு என்றேன். வில்லை மாற்று என்றேன். விரலை மாற்று என்றேன். விட்டால் சாப்பாட்டையும் அந்தக் காலத்து விறகடுப்பில்தான் ஆக்கச் சொல்வார் என்று என் குழுவினரே முனகினார்கள். முனகட்டும் என்று ஏட்டைத் துருவினேன், எழுத்தைத் துருவினேன்.

அப்படித் துருவியதில் கிடைத்தது ஐவர் வாசிக்கும் ஓர் இரங்கல் இசை. அது உச்சத்துக்கு ஏறி நிற்கும்போது, ஐந்து பேர் தாளிலும் ஒரே இடத்தில், விரலகலத்துக்கு ஒரு வெற்றிடம். அதை நான் என்னவென்று சொன்னேன்? மரணத்தின் முன்னே மனிதன் வாயடைத்து நிற்கும் மௌனம் என்றேன். நாற்பத்திரண்டு பக்கம் எழுதினேன். அந்த மௌனத்தைக் கேட்டு நீங்கள் கண்ணீர் விட்டீர்கள். நீங்களும்தான் ஐயா, முன்வரிசையில், அன்று கைக்குட்டை இரவல் வாங்கினீர்களே! அந்த நாற்பத்திரண்டு பக்கத்துக்குத்தான் இன்றைய விருது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே அரங்கம், இதே மேடை. வாசித்த ஐவரில் நானும் ஒருவன், என் தங்கையும் ஒருத்தி. மடியில் நிறுத்தி வில்லால் வாசிக்கும் ஆறு நரம்பு வாத்தியம் என் தங்கையுடையது. விளக்குச் சூடு வேறு. மௌனம் வந்தது. இமையும் அசையக் கூடாது என்பது என் கட்டளை. அப்போது கிரீச்சென்று முறுக்காணியைத் திருப்பும் சத்தம்! தொடர்ந்து நரம்பை மெல்லச் சுண்டும் சத்தம்! எங்கோ ஒருவர் சிரித்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வாசித்து முடித்ததும், இதே ஒலிபெருக்கியில், ஆயிரம் பேர் கேட்க, "மன்னியுங்கள், இவளுக்கு இசையும் தெரியாது, இங்கிதமும் தெரியாது" என்றேன்.

மேடைக்குப் பின்னால், உடை மாற்றும் அறையில் அவள் அழவில்லை. கேட்டாள்:

"அண்ணா, நரம்பு தொங்கிப் போச்சு. அந்த இடத்தை விட்டா வேற எங்க திருப்புறது?"

"அங்க மூச்சுகூட விடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"அந்தக் காலத்து ஆளுங்களுக்கும் இதே நரம்புதானே? அவங்களுது மட்டும் தளராதா?"

எவ்வளவு எளிய கேள்வி! அதற்கு இந்த அறிஞன் சொன்ன பதிலைக் கேளுங்கள். "நீ படிச்சவளா, நான் படிச்சவனா?" அவள் வாத்தியத்தை உறையில் போட்டாள், சுவரோரம் சாய்த்தாள், வெறுங்கையோடு போனாள். அதன்பிறகு வில்லைத் தொடவே இல்லை. இன்று பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அங்கே வருகிறவர்களை உட்கார வைத்துப் பேர் எழுதிக்கொள்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் வெறும் முன்கோபம் என்று விட்டுவிடலாம். வெட்கக்கேடு இனிமேல்தான் வருகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு நூலகத்தின் நிலவறையில், பட்டியலில் ஏறாத ஒரு பெட்டியைத் திறந்தேன். அதே இசைக்கு ஆறாவது தாள் ஒன்று இருந்தது; குழுத் தலைவர் பார்ப்பதற்கானது. அதே கையெழுத்து, அதே வெற்றிடம். ஆனால் அந்த வெற்றிடத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: "இங்கே நிறுத்துக. இதற்குள் நரம்புகள் தளர்ந்திருக்கும். எல்லோரும் சுருதி சேர்த்த பின் தொடர்க."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். மரணமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை!

நான் என்ன செய்தேன்? அந்தத் தாளை மற்ற தாள்களுக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் என் நூலின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் மௌனத்தைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் சேர்த்தேன்! அன்று முதல் எனக்குப் பல்வலி வந்தால் ஊரின் மறுகோடியில் உள்ள மருத்துவரிடம்தான் போகிறேன்.

ஏடு அறிந்தேன், எழுத்து அறிந்தேன், ஏட்டை அரித்த பூச்சியின் இனமும் அறிந்தேன். எதிரே உட்கார்ந்து வாசித்தவளின் விரலை அறிந்தேனா? நரம்பைக் கட்டச் சொன்னவன் நான். நரம்பு தளர்ந்தால் தொடாதே என்றவனும் நான். அன்று இந்த மேடையில் பழைய முறைப்படி வாசித்தவர் ஒருவர் உண்டென்றால் அவர் யார்? நானா? என்னுடன் கல்லாய் உறைந்திருந்த மூவரா? அவள் ஒருத்திதான்! அவளைத்தான் ஆயிரம் பேர் முன் அவமானப்படுத்தினேன். உண்மை தெரிந்த பிறகும் மூன்று ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்குக் கூசுகிறது அவையோரே, இங்கே நிற்கவே கூசுகிறது.

அவைத்தலைவர் அவர்களே, இந்த விருது எனக்கு வேண்டாம். ஆறாவது தாளின் படியை எல்லோரும் பார்க்கும்படி வாசலில் ஒட்டியிருக்கிறேன். அம்மா தங்கையே, ஆயிரம் பேர் முன் சொன்னதை ஆயிரம் பேர் முன்தான் திரும்பப் பெற வேண்டும். நீ செய்தது சரி. நான் செய்தது தவறு. என்னை மன்னித்துவிடு. வரமாட்டேன் என்ற உன்னை மாப்பிள்ளைதான் வற்புறுத்தி அழைத்து வந்திருக்கிறார். உன் நாற்காலி இதோ காலியாக இருக்கிறது. பக்கத்தில் உன் வாத்தியம், நீ போட்ட உறை பிரிக்காமல் நிற்கிறது. வருவாயா?

எழுந்துவிட்டாள்... என்னம்மா? சத்தமாகச் சொல், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். ஆறு வருஷமா யாரும் திருப்பாத நரம்பு. சேர்க்க ரொம்ப நேரம் ஆகும். உங்களால சும்மா இருக்க முடியுமா?"

கேட்டீர்களா? என்னைத்தான் கேட்கிறாள்! இருப்பேன் அம்மா. அவையோரே, நீங்களும் பொறுப்பீர்களா? அவைத்தலைவர் கடிகாரத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், அது போதும்.

இந்த முறை நீங்கள் சிலையாய் இருக்க வேண்டியதில்லை. இருமுங்கள், குழந்தைக்குத் தண்ணீர் கொடுங்கள். முறுக்காணி கிரீச்சிடும். அதையும் கேளுங்கள், எழுதியவர் அதற்குத்தான் இடம் விட்டிருக்கிறார். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. மேடையேறி வருகிறவளுக்கு என் வணக்கம். நான் ஓரமாக நிற்கிறேன், அவள் சுருதி சேர்க்கட்டும்.