போற ஊர் மட்டும் எழுதலை

பேனா நல்லாத்தான் எழுதுது தம்பி, பேனா மேல தப்பில்ல. ரயில் ரிசர்வேஷன் ஃபார்ம்ல பேரு, வயசு, கீழ்க்கட்டளை அட்ரஸு எல்லாம் எழுதிட்டேன். போற ஊர்தான் காலியா கெடக்கு. தாம்பரம் வர்றதுக்குள்ள முடிவு பண்ணிடலாம்னு பஸ் ஏறினேன், இங்க வந்து க்யூல நின்னும் கை ஓடல. ரெண்டு நிமிஷம் இருங்க, குடுத்துடறேன்.

நீங்க ஏர்ஃபோர்ஸா? யூனிஃபார்ம் பாத்ததுமே நினைச்சேன். லீவு முடிஞ்சு திரும்பறீங்களா. எந்த ஊர்ல போஸ்டிங்கு?

ஜெய்சல்மரா! அடக் கடவுளே. நான் எழுதலாமா வேணாமான்னு முழிச்சிக்கிட்டு நிக்கற ஊரே அதுதான் தம்பி. ஒண்ணு பூரி, இல்லன்னா ஜெய்சல்மர். ஒண்ணு கடலு, இன்னொண்ணு பாலைவனம். சிரிக்காதீங்க.

நான் டெலிபோன்ஸ்ல இருக்கேன். நாலு வருஷத்துக்கு ஒருக்கா எல்டிசி குடுப்பாங்க, ஆபீஸ் செலவுல இந்தியாவுல எங்க வேணும்னாலும் போய்ட்டு வரலாம். எங்க வீட்டுக்காரர் ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர். நானும் சுமாரா வரைவேன். ஹையர் கிரேடு பரீட்சை எழுதப் போன எடத்துலதான் பழக்கமே. பின் பெஞ்சுலேர்ந்து ரப்பர் கேட்டாரு. அந்த ரப்பர் இன்னும் திரும்பி வரல. பிள்ளைகுட்டி இல்ல எங்களுக்கு, ஊருக்குப் போனா ஆளுக்கொரு நோட்டை வச்சிக்கிட்டு உக்காந்துடுவோம், அவ்வளவுதான் எங்க டூர்.

ஒவ்வொரு வாட்டியும் அவரு பாலைவனம்பாரு, நான் கடலுன்னுவேன். எல்டிசி யாருது? என்னுது. எண்பத்தேழுல கன்னியாகுமரி, தொண்ணூத்தொண்ணுல கோவா. வந்துட்டு ஒரே புலம்பல். இந்தக் கடலு ஒரு எடத்துல நிக்குதா பாரு தையலு, பென்சில் சீவறதுக்குள்ள மாறிடுது, மணல்னா பொறுமையா உக்காந்து போஸ் குடுக்கும், அப்படீன்னு. நான் விடுவேனா? பக்கத்து மனையில வீடு கட்றாங்க, லாரி லாரியா மணல் கொட்டியிருக்கு, போய் வரைஞ்சிட்டு வாங்கன்னு சொல்லுவேன். வாய் ஜாஸ்தி தம்பி எனக்கு.

போன வருஷம் ரொம்பக் கெஞ்சினாரு. தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம் வந்துச்சே, ராஜஸ்தான் பக்கம் சில ஊர்ல முழுசாத் தெரியும்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. அதையும் பாத்துட்டு, அப்படியே ஜெய்சல்மர் போய் மணலையும் வரைஞ்சிட்டு வந்துடலாம்னாரு. தீபாவளியும் அதுவுமா யாராவது வீட்டைப் பூட்டிட்டுப் போவாங்களா, தங்கச்சி குடும்பத்தோட வர்றா, அடுத்த வருஷம் கண்டிப்பா போலாம்னுட்டேன். சரின்னுட்டாரு. எது சொன்னாலும் சரிதான்.

அடுத்த வருஷமும் வந்துடுச்சு. முந்தாநேத்து ஃபார்ம் வாங்கிட்டு வந்து, ஜெய்சல்மர்தானேன்னு நானே கேக்கறேன். பூரிக்கே போலாம் தையலு, உனக்குத்தான் கடல் பிடிக்குமே, எனக்கு இனிமே ரெண்டும் ஒண்ணுதான்னாரு. அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல.

அதோ, தூண் பக்கத்துல பெஞ்சு, மடியில மஞ்சப்பை. ஆமா, அவருதான். அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டிருக்காரேன்னு தப்பா நினைக்காதீங்க, கோவமெல்லாம் இல்ல.

நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அந்த மணல்ல போய் நின்னு நேராப் பாத்தா எதிர்ல என்ன தெரியும்? மரம் கிரம்? வீடு? ஒட்டகம் எப்பவாச்சும்தானா? அப்ப எதிர்ல ஒண்ணுமே கெடையாதா? தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே மணல்தான்? கண்ணோட ஓரம் வரைக்கும்?

அப்பாடா. நீங்க சொன்னீங்க பாருங்க, அது போதும் எனக்கு.

இல்ல தம்பி, பைத்தியக்காரத்தனமா கேக்கலை. அவருக்கு நடுவுல தெரியாது. சுத்தி ஓரமெல்லாம் தெரியும், எதை நேராப் பாக்கறாரோ அது தெரியாது. ரெண்டு கண்ணுலயும் நடுவுல வெந்துபோச்சுன்னு டாக்டர் சொன்னாரு. எல்லாம் அந்தக் கிரகணந்தான். வெறுங்கண்ணால பாக்காதீங்கன்னு என்னோட பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நான்தான் மாடிக்கு எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். ஊர்ல பாதிப் பேரு அப்படித்தானே பாத்தாங்க? தங்கச்சி பசங்க ரெண்டு செகண்டு பாத்துட்டு கீழ ஓடி வந்துடுச்சுங்க. இவரு டிராயிங் மாஸ்டராச்சே. பாக்கறதும் வரையறதுமா ஒரு மணி நேரம். ஒரே தாள்ல பதினோரு சூரியன், கொஞ்சங்கொஞ்சமா தேயுற மாதிரி. கடைசி ரெண்டு மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கெடக்கு. வேற நாளா இருந்தா எட்டு மணிக்கே இட்லி ஆறுதுன்னு கத்திக் கூப்பிட்டிருப்பேன். கிரகணத்துல சாப்பிடக் கூடாதுன்னு அடுப்பே பத்த வைக்கல. அதனால கூப்பிடல.

இப்ப வரைய முடியாது. பென்சில் முனை தெரியாதே. ஆனா அங்க போனா பாக்கலாம்ல? நடுவுல ஒண்ணும் இல்லாத ஊருதானே?

இப்ப உங்களைத்தான் பாக்கறாரு, கவனிச்சீங்களா? அப்படித் தலையைத் திருப்பினாத்தான் ஆளோட மூஞ்சி தெரியும். என்னையும் அப்படித்தான் பாக்கறாரு. நேருக்கு நேரா பாத்து ஒரு வருஷம் ஆகப் போவுது. ஃபிலிம் யாரு குடுத்தான்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை வாயைத் திறக்கல தம்பி. திட்டித் தொலைச்சா தேவலை.

கவுண்டர் திறந்துட்டாங்க போலிருக்கு, நகருங்க. இந்தாங்க உங்க பேனா. ஜெய்சல்மர்னு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, எனக்குக் கட்டம் சரியாத் தெரியல. ரெண்டு டிக்கெட்டு. ஜன்னலோரம் அவருக்கு.