வலது காது

திருத்தணியில் பொதட்டூர்பேட்டைப் பேருந்து கிளம்பவில்லை. முன் இருக்கையில் விசைத்தறிக்காரர் ஒருவர். அவருடைய வலது காதில் மனைவி கத்திப் பேசியதால் பேருந்து முழுவதும் கேட்டது.

“மழை மாசத்துல அந்தமான்ல ரூம் பாதி வாடகையாம். கப்பல்ல போயி அலை சத்தம் கேட்டுக்கினு வரலாம்.”

“அலை சத்தம் கேக்க அந்தமானா? மெட்ராஸ்ல இல்லாத கடலாடி?”

“அங்க ஜனம் கத்திக்கினே கீது. உனுக்கு அலை எங்க கேக்கும்? ஒரு காது போச்சி. மிச்ச காதும் போய்டும்னு டாக்டரு சொல்லல?”

“தறிய நிறுத்தினாலும் காதுல ஓடிக்கினேதான் கீது. பொங்கல் லுங்கி ஆர்டரு முடியட்டும், போலாம்.”

மனைவி குரலைத் தாழ்த்தினார். “அதுவரைக்கும் அந்தக் காது தாங்காதுய்யா.”

“ஆங்,” என்று அவர் சிரித்தபடி தலையாட்டினார்.